ஊர் ஊரா லாட்ஜ் கதவைத் தட்டின அனுபவம்

ஃப்ரீமேசன்னு, அதாவது கொத்தனார் கருவிகளை அடையாளமா வச்சுக் கூடற ஒரு சகோதரர் அமைப்புல இருக்கேன்னு, ஒரு தடவை வெளிய தெரிஞ்சிட்டா போதும், அப்புறம் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி உள்ள என்னதான் பண்றீங்க, ரெண்டாவது கேள்வி இலுமினாட்டி. எங்க அம்மா திருச்சியில இருந்து போன்ல கேட்டது இன்னும் நேரா இருந்துச்சு, "உனக்குத்தான் அங்க வீடு இருக்கேடா, எதுக்கு லாட்ஜுக்கு போற?" லாட்ஜ்னா நாங்க கூடற கிளைக்குப் பேரு, ராத்திரி தங்கற லாட்ஜ் இல்ல. சித்தப்பா பையன் ஏதோ யூடியூப் வீடியோ காட்டி பயமுறுத்தியிருக்கான். இலுமினாட்டிங்கறது 1776ல பவேரியாவுல ஆடம் வைஸ்ஹாப்ட்னு ஒரு ப்ரொஃபசர் ஆரம்பிச்சது, பத்து வருஷம் முடியறதுக்குள்ள அரசாங்கம் தடை போட்டு ஊத்தி மூடிட்டாங்க, அதுக்கும் எங்க லாட்ஜ் செக்ரட்டரி வருஷக் கடைசியில சந்தா பாக்கி வசூல் பண்ண படுற பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உலகத்தையே ஆள்ற கூட்டமா இருந்தா கூரை ஒழுகுறதுக்கு ரேஃபிள் டிக்கெட் வித்துக்கிட்டு இருப்போமா.

ரகசியம்னு இருக்கறது கை குலுக்குற விதம், சில வார்த்தை, சில சைகை அவ்ளோதான், அதையும் 1730லயே லண்டன்ல அச்சடிச்சு வித்துட்டாங்க. ஆனாலும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன், அதனால சொல்லல, தேடினா உங்களுக்கே கிடைக்கும். நான் எழுத நினைக்கறது அது இல்ல. இத்தனை வருஷத்துல எனக்கு இதுல பிடிச்ச ஒரே விஷயம் விசிட்டிங், அதாவது நம்ம லாட்ஜ் இல்லாத இன்னொரு லாட்ஜுக்கு விருந்தாளியா போறது, அதைப் பத்தி தமிழ்ல யாரும் எழுதி நான் பாத்ததில்ல.

தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வேலைக்கு வந்து செட்டில் ஆனதுக்கு அப்புறம்தான் சேந்தேன். இங்க ஒரு வேடிக்கை என்னன்னா ஒரே நாட்டுல நாலு கிராண்ட் லாட்ஜோட, அதாவது லாட்ஜ்களுக்கு மேல இருக்கற தலைமை அமைப்போட, ஆளுங்க இருக்காங்க. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூணும் அந்தந்த நாட்டு கிராண்ட் லாட்ஜுக்குக் கீழ இங்க லாட்ஜ் நடத்துறாங்க, நாலாவது உள்ளூர் கிராண்ட் லாட்ஜ் ஆஃப் சவுத் ஆஃப்ரிக்கா, பழைய டச்சு லாட்ஜ்கள் சேந்து 1961ல ஆரம்பிச்சது. அதே 1961லதான் இந்தியாவுக்கும் தனி கிராண்ட் லாட்ஜ் வந்துச்சு. நான் இருக்கறது இங்கிலீஷ் கான்ஸ்டிட்யூஷன், அதாவது இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜுக்குக் கீழ. நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கிட்டதால யார் வேணாலும் யார் லாட்ஜுக்கும் போகலாம், ஒரே ஊர்ல திங்கக்கிழமை ஸ்காட்டிஷ், வியாழக்கிழமை ஐரிஷ்னு போற ஆளுங்களும் இருக்காங்க, வீட்ல எப்படி சமாளிக்கறாங்கன்னு தெரியல, என் வீட்ல மாசத்துக்கு ஒண்ணுக்கு மேலனா அந்த வாரம் சாம்பார்ல உப்பு இருக்காது.

தெரியாத ஊர் லாட்ஜுக்குப் போனா உள்ள விட்டுடுவாங்களான்னா அவ்ளோ சுலபம் இல்ல. முதல்ல அந்த ஊர் செக்ரட்டரிக்கு மெயில் போடணும், நம்ம கிராண்ட் லாட்ஜ் குடுத்த சர்டிஃபிகேட் வேணும், சந்தா கட்டின ரசீது வேணும். வாசல்ல டைலர்னு ஒருத்தர் கையில கத்தியோட நிப்பார், பெரும்பாலும் லாட்ஜ்லயே வயசான மனுஷன், கத்தியை விட கைத்தடிதான் அவருக்கு உதவியா இருக்கும். அங்க யாருக்குமே நம்மளைத் தெரியலைன்னா பக்கத்து ரூமுக்கு கூட்டிட்டுப் போய் ரெண்டு மூணு பேர் கேள்வி கேப்பாங்க, அதைத்தான் ப்ரூவ் பண்றதுன்னு சொல்வாங்க. எனக்கு இந்தக் கட்டம் ரொம்ப பிடிக்கும். பேர் தெரியாது, ஜாதி தெரியாது, பேங்க்ல எவ்ளோ இருக்குன்னு தெரியாது, நீ கத்துக்கிட்டதை சொல்லு பாக்கலாம் அவ்ளோதான். பதில் சரியா வந்ததும் அவங்க முகம் மாறுற விதம் இருக்கே, அந்த நிமிஷத்துல இருந்து நம்ம டம்ளர் காலியா இருக்க விட மாட்டாங்க.

பிப்ரவரி மாசம் டர்பன் புழுக்கத்துல கருப்பு சூட்டு, வெள்ளை கையுறை, அதுக்கு மேல இடுப்புல கட்டற எப்ரன். எப்ரன் ஆட்டுத்தோல், நம்ம ஆளுங்க சிலர் தோல்னதும் யோசிப்பாங்க, எனக்கு அந்தப் பிரச்சினை இல்ல. இங்கிலீஷ் லாட்ஜ்னா எல்லாருக்கும் வெளிர் நீலம், எங்க போனாலும் அதேதான். ஸ்காட்டிஷ்ல ஒவ்வொரு லாட்ஜும் தனக்குன்னு ஒரு கலர் எடுத்துக்கலாம், ஒண்ணுல பச்சை, ஒண்ணுல சிவப்பு, ஒண்ணுல கட்டம் போட்ட டார்ட்டன் துணி, ஜோகனஸ்பர்க்ல ஒரு ஸ்காட்டிஷ் லாட்ஜ் கூட்டத்துக்கு நாலஞ்சு லாட்ஜ்ல இருந்து விசிட்டர்ஸ் வந்திருந்தாங்க, அந்த ஹால் பாக்க தீபாவளி நேரத்து ஜவுளிக்கடை மாதிரி இருந்துச்சு, நான் மட்டும் யூனிஃபார்ம்ல வந்த பையனாட்டம் நீலத்துல உக்காந்திருந்தேன்.

ஸ்காட்டிஷ்காரங்க லாட்ஜ் தலைவரான மாஸ்டரை ரைட் வொர்ஷிப்ஃபுல் மாஸ்டர்னு கூப்பிடுவாங்க, எங்க லாட்ஜ்ல வெறும் வொர்ஷிப்ஃபுல். ரிச்சுவலும், அதாவது கூட்டத்துல நடக்கற சடங்கும், ஸ்காட்லாந்துல ஒண்ணே ஒண்ணுன்னு கிடையாது, லாட்ஜுக்கு லாட்ஜ் வாசகம் மாறும். மார்க் டிகிரின்னு ஒரு படிநிலை இருக்கு, இங்கிலீஷ்காரங்க அதுக்கு தனியா வேற ஒரு அமைப்புல சேரணும், ஸ்காட்டிஷ்ல அது லாட்ஜுக்குள்ளயே நடக்கும். ஜனவரி கடைசியில ராபர்ட் பர்ன்ஸ் விருந்துன்னா சொல்லவே வேணாம், அந்தக் கவிஞர் 1781ல மேசன் ஆனவர், அவர் பேரை சொல்லி பேக்பைப் ஊதிக்கிட்டே ஹாகிஸை தட்டுல வச்சு ஊர்வலமா கொண்டு வருவாங்க. ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல் எல்லாம் நறுக்கி ஓட்ஸ் போட்டு ஆட்டு இரைப்பைக்குள்ள வச்சு வேகவைக்கறது. பக்கத்துல இருந்த இளம் வெள்ளைக்காரப் பையன் முகத்தை சுளிச்சான், நான் ரெண்டாவது தடவை வாங்கினேன், கொஞ்சம் மிளகு பத்தல.

ஐரிஷ் லாட்ஜ் வேற ரகம். அவங்களுக்கு அதிகாரப்பூர்வமா அச்சடிச்ச ரிச்சுவல் புத்தகமே கிடையாது, பெரியவங்க சொல்ல சொல்ல காதுல கேட்டு மனப்பாடம் பண்ணணும். நாங்க சின்ன நீலப் புத்தகத்தை கார்ல ட்ராஃபிக்ல வச்சு படிக்கறவங்க, அதுவும் யார் யாரோ முதல் எழுத்து மட்டும் போட்டு சுருக்கி வச்ச புத்தகம், அதுலயே தடுமாறுவோம். அன்னைக்கு அங்க எழுபது வயசு தாண்டின ஒருத்தர் நீளமா ஒரு பகுதியை ஒரு சொல் பிசகாம சொல்லி முடிச்சார், குரல்ல நாடகம் இல்ல, பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட பேசற மாதிரி. எங்க லாட்ஜ்ல சில பேர் அதையே மேடை நாடகம் ஆக்கிடுவாங்க, கையை நீட்டி கண்ணை மூடி. யார் பேரையும் சொல்லல, படிச்சா அவங்களுக்கே தெரியும், தமிழ் படிக்கத் தெரியாதுங்கறதால தைரியமா எழுதறேன்.

கேப் டவுன்ல லாட்ஜ் டி கூடே ஹோப் பாக்காம மேசன்னு சொல்லிக்கக் கூடாதுன்னு இங்க ஒரு பேச்சு. 1772ல டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல ஆரம்பிச்சது, இடம் பார்லிமென்டுக்கு ஒட்டின மாதிரி, அதுக்கும் கதை இருக்கு. 1854ல கேப் காலனிக்கு முதல் பார்லிமென்ட் வந்தப்ப உக்கார கட்டடம் இல்லாம லாட்ஜோட விருந்து ஹாலைத்தான் அசெம்பிளிக்கு எடுத்துக்கிட்டாங்க, 1884 வரைக்கும் அங்கதான் நடந்துச்சு. லாட்ஜ் கட்டடத்தை வரைஞ்சது லூயி திபோ, சிலைகள் ஆன்டன் ஆன்ரைத் செதுக்கினது, 1892 தீ விபத்துல பெருசா எரிஞ்சு போய் திரும்ப கட்டினாங்க. உள்ள போனதும் நான் கழுத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னதுல பின்னாடி வந்த ஒருத்தர் மேல மோதிட்டார். அங்க ரிச்சுவல் ஹாலந்து வழியில வந்தது, எப்ப எந்திரிக்கணும் எப்ப உக்காரணும்னு எங்க பழக்கத்துக்கு பிடிபடாது, பக்கத்துல ஒரு பெரியவர் முழங்கையால லேசா இடிச்சு இடிச்சு எனக்கு வழிகாட்டினார்.

ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் பக்கம் ஒரு சின்ன ஊர், ஆபீஸ் வேலையா போனது, சாயங்காலம் சும்மாதான இருக்கோம்னு அங்க இருந்த லாட்ஜுக்கு மெயில் போட்டேன். எல்லாம் விவசாயிங்க, சோளமும் மாடும். முழுக்க ஆஃப்ரிகான்ஸ் மொழியில நடந்துச்சு, எனக்கு அதுல நன்றியும் சாப்பாட்டு பேரும்தான் தெரியும், ஆனா யார் எங்க நடக்கறாங்க, எந்த இடத்துல தட்டறாங்கன்னு பாத்தே என்ன சொல்றாங்கன்னு புரிஞ்சுது, தெரியாத மொழியில நடக்கற கல்யாணத்துல தாலி கட்டற நேரம் தெரியாமலா போகும். பிரச்சினை சாப்பாட்டுல வந்துச்சு. அது புரட்டாசி. டர்பன் தமிழங்க புரட்டாசி மாசம் முழுக்க கவுச்சி தொட மாட்டாங்க, ஊர்ல இருந்தப்ப சனிக்கிழமை மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், இங்க வந்து இவங்களைப் பாத்து நானும் முழு மாசம் ஆயிட்டேன். அங்க வெளிய ப்ராய்னு கறி சுடற அடுப்பு போட்டு பூர்வோர்ஸ் சாசேஜ், ஆட்டுச்சாப்ஸ், மாட்டுக்கறின்னு அடுக்கியாச்சு. நான் சொன்னதும் ஒரு ரெண்டு செகண்டு அமைதி, ஏன்னா அந்த ஊர்ல சைவம்னா கோழி. அப்புறம் அந்த லாட்ஜ் மாஸ்டரே எந்திரிச்சுப் போய் தனியா ஒரு கம்பி வலையை தேய்ச்சுக் கழுவி, கறி படாத ஓரத்துல வச்சு, தக்காளி வெங்காயம் சீஸ் வச்ச ப்ரைப்ரோய்கிங்கற சாண்ட்விச் சுட்டுக் குடுத்தார். ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. தாத்தா காலத்துல அந்த ஊர்ல ஒரு இந்தியன் ராத்திரி தங்கவே முடியாது, ஃப்ரீ ஸ்டேட்ல இந்தியர் குடியிருக்கவே 1891ல இருந்து சட்டப்படி தடை, அது 1980கள்லதான் போச்சு.

இதை சொல்லாம விசிட்டிங் பத்தி மட்டும் இனிப்பா எழுதிட்டுப் போனா அது பொய். லெவல்னு ஒரு கருவி இருக்கு, கொத்தனார் மட்டம் பாக்கறது, லாட்ஜ்ல அதை எல்லாரும் சமம்ங்கறதுக்கு அடையாளமா வச்சிருக்கோம், மாசா மாசம் அதைப் பத்தி பேசறோம். அதே நாட்டுல அதே லாட்ஜ்களோட கதவு நம்ம ஆளுங்களுக்கு திறக்கவே இல்ல. தமிழங்க 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்து இறங்கினவங்க, உள்ளூர் கிராண்ட் லாட்ஜ் எல்லா இனத்துக்காரங்களையும் சேத்துக்க ஆரம்பிச்சது 1977ல. நடுவுல நூறு வருஷத்துக்கு மேல.

எங்க லாட்ஜ்ல ஒரு பெரியவர் இருக்கார், ரிட்டயர்டு வாத்தியார், டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கற சாட்ஸ்வர்த்காரர். லாட்ஜுக்குள்ள நான் அவரை வொர்ஷிப்ஃபுல் பிரதர்னு கூப்பிடணும், கார் பார்க்குக்கு வந்ததும் நான் அண்ணா அவர் தம்பி. தமிழ் பேசுவார், எழுத்து படிக்கத் தெரியாது, தேவாரம் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல அச்சடிச்ச புத்தகத்தைப் பாத்துதான் பாடுவார், ஆனா பண்ணு தப்பாது. அவரோட அப்பா டர்பன்ல வெயிட்டரா இருந்தவர், அந்தக் காலத்துல ஹோட்டல் க்ளப் எல்லாத்துலயும் வெயிட்டர் நம்ம ஆளுங்கதான். லாட்ஜ் விருந்துக்கும் போய் பரிமாறியிருக்கார். கிளாஸைத் தூக்கி டோஸ்ட் சொல்ற வரிசை, ராஜாவுக்கு முதல்ல, அப்புறம் கிராண்ட் மாஸ்டருக்கு, ஒன்பது மணி ஆனதும் அன்னைக்கு வராத சகோதரர்களுக்கு, கடைசியா டைலர் டோஸ்ட், எல்லாமே அவருக்கு மனப்பாடம். அடி கனமான சின்ன கிளாஸை மேசையில ஒரே நேரத்துல டப்புனு தட்டுவாங்க, அதை வீட்ல டீ டம்ளரை வச்சு தட்டிக் காட்டுவாராம், பாட்டி திட்டுவாங்களாம். உள்ள ஹால்ல உக்காந்திருந்தவங்களும் வெள்ளை கையுறை, பரிமாறின அவரும் வெள்ளை கையுறை.

"அப்ப உங்களுக்கு கோவம் வரலையா அண்ணா?"ன்னு கேட்டேன். "வந்துச்சு தம்பி. அதான் சேந்தேன்"னாரு. அதுக்கு மேல பேசல, காரை எடுத்துட்டுப் போயிட்டார். சேந்து, படிப்படியா ஏறி, மாஸ்டர் நாற்காலியில ஒரு வருஷம் உக்காந்து, இப்ப புதுசா வர்றவங்களுக்கு ரிச்சுவல் சொல்லிக் குடுக்கறது அவர்தான். அவர் சேந்தப்ப சத்தியம் பண்ண எந்த நூல் வேணும்னு கேட்டிருக்காங்க, அவங்கவங்க புனிதமா நினைக்கற நூல் மேலதான் பண்ணணும், லாட்ஜ் அலமாரியில பைபிளும் குரானும் கீதையும் இருக்கு. இவர் பையில இருந்து வீட்டுத் திருமுறையை எடுத்து வச்சாராம். நான் சேந்தப்ப கேட்டதும் கீதைன்னுட்டேன், அவர் கதை முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் அதையே கேட்டிருப்பேன்.

அந்தக் காலத்து சட்டம் அப்படின்னு சில பழைய ஆளுங்க இப்பவும் சொல்வாங்க. என்னைக் கேட்டா அது பாதி பதில்தான். அபார்ட்ஹைட்ங்கற இனப் பிரிவினைச் சட்டம் 1948ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி மட்டும் வெத்தல பாக்கு வச்சா கூப்பிட்டாங்க. இது இந்த நாட்டு வியாதி மட்டும் இல்ல. பாஸ்டன்ல ப்ரின்ஸ் ஹால்னு ஒரு கருப்பின மனுஷனை 1775ல பிரிட்டிஷ் ராணுவத்தோட வந்த ஒரு ஐரிஷ் லாட்ஜ் சேத்துக்கிட்டுச்சு, 1784ல இங்கிலாந்து அவருக்கு தனி லாட்ஜ் நடத்த அனுமதி குடுத்துச்சு, ஆனா அமெரிக்க வெள்ளை கிராண்ட் லாட்ஜ்கள் அவர் வழிவந்தவங்களை முறையா ஏத்துக்க ஆரம்பிச்சது 1989ல, கனெக்டிகட்ல. கல்கத்தாவுல பிரசன்ன குமார் தத்தா உள்ள வர வருஷக்கணக்கா எழுதி எழுதி சண்டை போட்டார், ஹிந்துவுக்கு நிறைய சாமி ஆச்சே, ஒரே கடவுள்னு எப்படி ஒத்துக்குவான்னு வாதம். 1872ல ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜ்ல சேத்தாங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு அதே லாட்ஜ்ல சேந்த ஒரு காலேஜ் பையன் பேரு நரேந்திரநாத் தத்தா, பின்னாள்ல விவேகானந்தர். இதுல எங்க ஊர்க்காரனுக்கு ஒரு சின்ன பெருமையும் உண்டு, ஆற்காடு நவாப் மகன் உம்தத் உல் உமராவை மேசனா சேத்தது 1770கள்லயே, எங்க திருச்சியில. நவாப் மகன்னா கதவு தானா திறக்கும், அது வேற விஷயம்.

லீவுக்கு ஊருக்குப் போனப்ப சென்னையில எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹாலுக்குப் போனேன், எத்திராஜ் சாலையில இருக்கே, 1920கள்ல கட்டினது, காலேஜ் படிக்கறப்ப அந்த ரோட்டுல எத்தனையோ தடவை போயிருக்கேன் இது என்ன கட்டடம்னு கூட யோசிச்சதில்ல. அங்க பீடத்துல ஒரு நூல் இல்ல, கீதை, குரான், பைபிள், குரு கிரந்த் சாஹிப்னு வரிசையா திறந்து வச்சிருந்தாங்க. இங்கிலீஷ் ரிச்சுவலை நம்ம ஊர் உச்சரிப்புல கேக்கறப்ப எனக்கு சிரிப்பும் வந்துச்சு ஒரு மாதிரி நெகிழ்ச்சியாவும் இருந்துச்சு. முடிஞ்சு எப்ரனை கழட்டினதும் எல்லாரும் தமிழ்தான், எந்த ஊரு, அங்க சம்பளம் எப்படி, பையனுக்கு அங்க சீட்டு கிடைக்குமா. கடைசியில தயிர் சாதம் ஊறுகாய் வந்துச்சு, ஹாகிஸ் போட்டவங்க என்னை மன்னிக்கணும், இதுக்கு ஈடு இல்ல.

பொம்பளைங்களை ஏன் சேக்கலைன்னு என் மனைவி கேக்கற கேள்விக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. பெண்களுக்குன்னே இங்கிலாந்துல 1908ல இருந்து தனி அமைப்பு இருக்கு, ஆணும் பெண்ணும் சேந்த கோ மேசன்ரியும் இருக்கு, அன்னி பெசன்ட் 1902ல அதுல சேந்து இந்தியாவுக்கும் கொண்டு வந்தாங்க. "அப்ப நான் அதுல சேந்துக்கறேன், நீங்க சமைங்க"ன்னாங்க. பேச்சு அதோட நின்னுடுச்சு.

எல்லா கதவும் திறக்காதுங்கறது மொரிஷியஸ் போனப்பதான் எனக்கு உறைச்சது. மனைவி வழி சொந்தக்கார கல்யாணம், அங்க ஒரு மொரிஷியஸ் தமிழர் பழக்கமானார், கிரியோலும் ஃப்ரெஞ்சும் சரளம், தமிழ் கோயில் அளவுக்கு. பேச்சு வாக்குல அவரும் மேசன்னு தெரிஞ்சுது. ரெண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்லு. போர்ட் லூயில லா ட்ரிப்ல் எஸ்பெரான்ஸ்னு ஒரு லாட்ஜ் 1778ல ஃப்ரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்சது, அவ்ளோ பழைய பாரம்பரியம் உள்ள தீவு, ஒரு கூட்டமாவது பாத்துட்டுப் போயிடலாம்னு எனக்கு ஆசை. எந்த கிராண்ட் லாட்ஜுக்குக் கீழன்னு கேட்டேன், அவர் க்ராண்ட் ஓரியண்ட் ஆஃப் ஃப்ரான்ஸ்னாரு, போச்சு. 1877ல அவங்க கடவுள் நம்பிக்கை கட்டாயம்ங்கற விதியை எடுத்துட்டாங்க, இங்கிலாந்து அன்னைக்கு முகத்தைத் திருப்பினது இன்னிக்கு வரைக்கும் திருப்பினபடி இருக்கு. அவர் லாட்ஜுக்கு நான் போகக்கூடாது, என் லாட்ஜுக்கு அவர் வரக்கூடாது. அவங்க லாட்ஜ்ல சமூகப் பிரச்சினை எல்லாம் விவாதிப்பாங்களாம், எங்க லாட்ஜ்ல அரசியலும் மதமும் வாயைத் திறக்கக் கூடாது. இத்தனைக்கும் அவர் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு காவடி எடுக்கறவர், கடவுள் நம்பிக்கையில என்னை விட நூறு மடங்கு.

ஃப்ரீ ஸ்டேட் விவசாயியோட உக்காரலாம், முருக பக்தரோட உக்காரக்கூடாது, பாரிஸும் லண்டனும் எப்பவோ போட்ட சண்டைக்கு நாங்க ரெண்டு தமிழங்க கட்டுப்படணும். எரிச்சல்தான், ஆனாலும் போகல, விதியை ஒத்துக்கிட்டுதான சேந்தேன். அதுக்கு பதிலா ரெண்டு பேரும் போர்ட் லூயி மார்க்கெட் பக்கம் நின்னுக்கிட்டு தால் பூரி சாப்பிட்டோம், அவரு அவங்க பக்கம் எப்ரன் எப்படி இருக்கும்னு பேப்பர் நாப்கின்ல வரைஞ்சு காட்டினார், நான் எங்க விருந்துல நடக்கற கூத்தை சொன்னேன். வர்ற மாசம் அவர் டர்பன் வர்றாராம். எங்க லாட்ஜுக்குள்ள கூட்டிட்டுப் போக முடியாது, வாத்தியார் அண்ணாவையும் வரச் சொல்லி மூணு பேருமா பீன்ஸ் பன்னி சவ், அதான் குடைஞ்ச ரொட்டிக்குள்ள பீன்ஸ் குழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு, சாப்பிடலாம்னு இருக்கோம், நல்ல கடை தெரிஞ்சவங்க சொல்லுங்க, காரம் குறைச்சு போடற கடை வேணாம்.